பாகு முற்றும் அந்த இரண்டு நிமிடம்

கடலை மிட்டாய்க்கு வேண்டியது நிலக்கடலை, வெல்லம், கொஞ்சம் தண்ணீர். ஏலக்காயும் சுக்கும் அவரவர் விருப்பம். இவ்வளவு குறைந்த பொருளில், ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற பலகாரம் நம் அடுக்களையில் வேறு அதிகமில்லை. ஆனாலும் முறுக்கும் அதிரசமும் சலிக்காமல் செய்கிற வீடுகளில்கூட, கடலை மிட்டாய் என்றால் கடைக்குத்தான் ஆள் போகிறது. ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "பாகு பதம் வரமாட்டேங்குது."

எனக்கும் முதலில் வரவில்லை. முதல் முறை செய்தது தட்டை விட்டு எழவே இல்லை. பல்லில் இழுத்து ஒட்டியது. இரண்டாம் முறை, பயந்துபோய் அதிக நேரம் அடுப்பில் விட்டேன், கறுத்துக் கசந்தது. மூன்றாம் முறை ஆச்சி பக்கத்தில் நின்றாள். கிண்ணத்தில் பச்சைத் தண்ணீர் எடுத்து, கரண்டியிலிருந்து ஒரு சொட்டுப் பாகை அதில் விடச் சொன்னாள். உருட்ட வந்தது. ஆகிவிட்டது என்று அடுப்பை அணைக்கப் போனேன். "இது உருட்டுற பாகு. மிட்டாய்க்கு ஆகல. எடுத்துத் தட்டுல போடு, டங்குன்னு கேக்கணும். கேக்குற வரைக்கும் எறக்காத" என்றாள். இன்னும் இரண்டு நிமிடம்தான் கிண்டியிருப்பேன். அடுத்த சொட்டு தட்டில் விழுந்தபோது சின்னக் கூழாங்கல் விழுந்த சத்தம் கேட்டது. அன்று செய்த மிட்டாய் மடக்கென்று ஒடிந்தது.

இந்த மிட்டாய்க்கு நம் ஊரில் தலைநகரம் கோவில்பட்டி. தீப்பெட்டிக்குப் பேர்போன அதே ஊர். அந்தப் பக்கத்தில் முன்பு பனைவெல்லப் பாகில்தான் கடலையைப் பிடித்தார்கள். 1940-களில் பொன்னம்பல நாடார் என்ற மளிகை வியாபாரி கரும்பு வெல்லத்துக்கு மாறினார் என்பது ஊர் வரலாறு. கரிசல் மண்ணில் விளைந்த கடலை, நல்ல வெல்லம், தாமிரபரணித் தண்ணீர் என்று தங்கள் மிட்டாயின் தனித்தன்மையைச் சொல்லி, 2014-இல் புவிசார் குறியீட்டுக்கு விண்ணப்பித்தார்கள். 2020 ஏப்ரலில் குறியீடு கிடைத்தது. கோவில்பட்டி மிட்டாயின் மேல் இளஞ்சிவப்பிலும் பச்சையிலும் மஞ்சளிலும் தேங்காய்த் துருவல் தூவியிருக்கும். அதைப் பார்த்தே ஊரைச் சொல்லிவிடலாம். அந்தப் பெயர் அந்த ஊர்க்காரர்களுக்கு உரியது. ஆனால் அவர்கள் கையில் இருக்கிற பதம், வீட்டு அடுப்பில் யாருக்கும் கைவரக்கூடியதுதான்.

முதலில் கடலையைப் பார்ப்போம். மிட்டாய்க்குச் சின்னப் பருப்புதான் நல்லது. டி.எம்.வி. 7, வி.ஆர்.ஐ. 2 போன்ற கொத்து ரகங்கள் இந்த வகை. முன்னது திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்தில் வந்தது, பின்னது விருத்தாசலத்தில். விழுப்புரம், கடலூர்ப் பக்கம் 'மல்லாட்டை' என்று கேட்டால்தான் கடைக்காரர் நிமிர்ந்து பார்ப்பார். பருப்பில் ஏறத்தாழ பாதி எண்ணெய் என்பதால், பழசானால் காறல் அடிக்கும். இரண்டு பருப்பை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வாங்கிய கடலையை ஒரு தாம்பாளத்தில் பரப்பி, கையால் பொறுக்குவதை மட்டும் தவிர்க்கவே கூடாது. சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை படர்ந்தது எதுவும் உள்ளே போகக் கூடாது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் என்ன நோய் என்றே தெரியாமல் செத்து விழுந்தன. தீவனத்தில் சேர்த்த கடலைப் பிண்ணாக்குதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அதில் வளர்ந்த ஒரு பூஞ்சை கக்கிய நஞ்சுக்கு அஃப்லடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். ஈரம் காயாத கடலையை மூட்டை கட்டினால் இந்தப் பூஞ்சை பிடிக்கும். கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு இது. வறுத்தாலும் முழுதாகப் போகாது. சொத்தைக் கடலையை வெல்லம் போட்டு மறைக்கலாம் என்று நினைக்கிற எவர் கையாலும் குழந்தைக்கு மிட்டாய் வாங்கித் தராதீர்கள். வீட்டில் செய்வதற்கு இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

வறுப்பதில் அவசரம் ஆகாது. தெருவில் வறுப்பவர் மணலைப் பயன்படுத்துவது ஏன் என்றால், சூடான மணல் பருப்பை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சூழ்ந்துகொள்கிறது. வீட்டில் மணலுக்குப் பதில் கல்லுப்பு போட்டு வறுக்கலாம். வெறும் இரும்புச் சட்டியும் போதும், கைவிடாமல் கிளறினால். அரை கிலோ கடலைக்குச் சிறு தீயில் பதினைந்து நிமிடமாவது ஆகும். படபடவென்று வெடிக்கத் தொடங்கி, தோலில் அங்கங்கே கரும்புள்ளி விழும்போது ஒரு பருப்பை ஆறவைத்துக் கடித்துப் பாருங்கள். நடுவில் பச்சை வாடை இருந்தால் இன்னும் வேண்டும். பெரிய தீயில் வறுத்தால் வெளியே கருகும், உள்ளே பச்சையாகவே இருக்கும். அதில் செய்த மிட்டாய் மறுநாளே நமுத்துவிடும். வறுத்ததை ஒரு துணியில் கொட்டிக் கசக்கி, முறத்தில் புடைத்துத் தோலை ஊதிவிடுங்கள். பருப்பு இரண்டாகப் பிளந்தால் நல்லது. தட்டையான பக்கத்தில் பாகு நன்றாகப் பிடிக்கும்.

இனி பாகு. இரண்டு டம்ளர் கடலைக்குப் பொடித்த வெல்லம் ஒரு டம்ளர். பளீரென்று மஞ்சளாக இருக்கிற வெல்லத்தை நான் தொடுவதில்லை. நிறத்துக்காக ரசாயனம் போட்டு வெளுப்பதுண்டு. கருத்த வெல்லமே மேல். வெல்லம் மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டுக் கரைத்து, துணியில் வடிகட்டி, அடிகனமான சட்டியில் ஏற்றுங்கள்.

அதற்குப் பிறகு சட்டியில் நடப்பதெல்லாம் தண்ணீர் வெளியேறுவதுதான். வெறும் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், அதைத் தாண்டி ஏறாது. பாகு அப்படியல்ல. தண்ணீர் குறையக் குறைய அது கொதிக்கும் சூடு ஏறிக்கொண்டே போகும். நம் வீட்டுப் பெண்கள் பதங்களுக்கு வைத்திருக்கிற பெயர் ஒவ்வொன்றும் இந்தச் சூட்டின் ஒரு படி. விரலிடையில் நூலாக இழுபடும் கம்பிப் பதம், 100 டிகிரியைச் சற்றே தாண்டிய நிலை. 120 டிகிரியை ஒட்டி உருட்டுப் பதம். தண்ணீரில் விட்ட சொட்டு மெத்தென்று உருளும். அப்போதும் பாகில் எட்டில் ஒரு பங்கு தண்ணீர் இருக்கிறது. நான் முதல் முறை இறக்கியது இந்த இடத்தில்தான். அங்கிருந்து 150 டிகிரியை நெருங்கும்போது தண்ணீர் நூற்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அதுதான் உடைபதம், ஆச்சி சொன்ன 'டங்'. மிட்டாய் பல்லில் ஒட்டுவதும் ஒட்டாததும் இந்த இடைவெளியில் இருக்கிறது. அதைத் தாண்டினால் வெல்லம் கருகத் தொடங்கும். கடைசி இரண்டு நிமிடம் அடுப்பை விட்டு நகராதீர்கள், போன் அடித்தால்கூட எடுக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

வெப்பமானி வாங்கலாம், தவறில்லை. ஆனால் பாகு தானே தன் நிலையைக் காட்டும். முதலில் பெரிய பெரிய நுரை சலசலவென்று எழும். பிறகு குமிழ்கள் சிறுத்து, நெருங்கி, சோம்பலாக வெடிக்கும். வாசனை கரும்பிலிருந்து மாறி வறுத்த வாசனையாகும். நிறம் ஒரு படி ஆழும். அப்போது தீயைக் குறைத்து, அரை நிமிடத்துக்கு ஒரு முறை சொட்டு விட்டுப் பாருங்கள். தண்ணீரில் விட்ட சொட்டை எடுத்து ஒடித்தால் வளையாமல் ஒடிய வேண்டும்.

அந்தச் சொட்டு ஏன் கண்ணாடி மாதிரி உறைகிறது? சர்க்கரைக்கு இயல்பு, ஆறும்போது ஒழுங்காக அடுக்கிக்கொண்டு படிகமாவது. தண்ணீர் அநேகமாக இல்லாத கெட்டிப் பாகு சட்டென்று ஆறும்போது அப்படி அடுக்கிக்கொள்ள அதற்கு நேரமில்லை; இருந்தபடியே உறைந்துவிடுகிறது. வெல்லம் இதற்கு வெள்ளைச் சீனியைவிடத் தோதானது. அதில் சுக்ரோஸோடு கொஞ்சம் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் இயல்பாகவே கலந்திருக்கின்றன. அவை நடுவே புகுந்து படிகம் கட்டவிடாமல் தடுக்கும். சீனிப் பாகில் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விடுவதும் இதே வேலைக்குத்தான். தொழிற்சாலைகள் பலவற்றில் இதற்காகத் திரவ குளுக்கோஸ் ஊற்றுகிறார்கள். வெல்லம் நல்லதாக இருந்தால் அது தேவையே இல்லை. சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டால் பாகு பொங்கி, மிட்டாய் பொறுபொறுவென்று லேசாக வரும் என்பது உண்மை. எனக்கு அந்தச் சோடா வாசம் பிடிக்காது. அழுத்தமாக, கண்ணாடியாக உடைகிற மிட்டாய்தான் கடலைக்குப் பொருத்தம் என்பது என் தீர்மானம்.

அடுப்பை அணைத்ததும் ஏலக்காயும் சுக்கும் தூவி, கடலையைக் கொட்டிக் கிளறுங்கள். கடலை கைபொறுக்கும் சூட்டில் இருக்க வேண்டும். ஆறிப்போன கடலையைப் போட்டால் பாகு அங்கேயே திரண்டு, பாதிக் கடலைக்குப் பூச்சே கிடைக்காது. இதைப் பலரும் சொல்லித் தருவதில்லை. நெய் தடவிய தட்டோ பலகையோ முன்பே தயாராக இருக்கட்டும். கொட்டியவுடன் நெய் தடவிய சப்பாத்திக் கட்டையால் தேய்த்து, சூடு இருக்கும்போதே கத்தியால் கோடு போட்டுவிடுங்கள். ஐந்து நிமிடம் தாமதித்தால் கோடு விழாது, மிட்டாய்தான் நொறுங்கும்.

உருண்டையாகப் பிடிக்கிறவர்கள் கையில் அரிசி மாவு தொட்டுக்கொள்வார்கள். திருக்கார்த்திகைப் பொரி உருண்டையிலும் இதே கைவேலைதான். அதற்குப் பாகு கொஞ்சம் இளசாக இறக்கலாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: கொதிக்கிற எண்ணெயைவிடப் பாகு கொடியது, ஏனென்றால் தோலில் ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும். பக்கத்தில் ஒரு பாத்திரம் பச்சைத் தண்ணீர் வையுங்கள். குழந்தைகளைக் கோடு போடும் நேரத்தில் கூப்பிட்டால் போதும், பாகு காய்ச்சும் நேரத்தில் வேண்டாம்.

சட்டியில் ஒட்டிய பாகைச் சுரண்ட வேண்டாம். தண்ணீர் ஊற்றி மறுபடி அடுப்பில் வைத்தால் தானே கரைந்துவிடும். அந்த வெல்லத் தண்ணீரில் சுக்குக் காப்பி போடலாம்.

இதே அடுப்பில் இன்னொரு வகையும் உண்டு. அதில் படிகம் கட்டுவதுதான் நோக்கம். ஜெர்மனியின் கிறிஸ்துமஸ் சந்தைகளில் பெரிய செம்புக் கொப்பரைகளில் பாதாமை இப்படித்தான் கிண்டுகிறார்கள். 200 கிராம் பச்சைப் பாதாமோ முந்திரியோ கடலையோ, 100 கிராம் சீனி, கால் டம்ளர் தண்ணீர். எல்லாவற்றையும் ஒன்றாகவே சட்டியில் போட்டு விடாமல் கிண்ட வேண்டும். தண்ணீர் வற்றியதும் சீனி திடீரென்று வெளுத்து, மணல் மாதிரி பருப்பின் மேல் உதிரியாகப் படியும். கெட்டுப்போய்விட்டது என்று பலர் இங்கே அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். அணைக்காமல் சிறு தீயில் தொடர்ந்து கிண்டினால், அந்த மணல் கொஞ்சம் கொஞ்சமாக உருகி, பழுப்பாகி, பருப்பைப் பளபளவென்று மூடும். பருப்பு அந்தச் சூட்டிலேயே வறுபட்டுவிடும். பாதி மணலாகவும் பாதி உருகியதாகவும் இருக்கும்போது தட்டில் கொட்டி, ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரித்துவிட வேண்டும். பாகு பதத்துக்குப் பயப்படுகிறவர்கள் இதில் தொடங்கலாம்.

இலங்கைத் தமிழருக்கு நிலக்கடலை 'கச்சான்'. கோயில் திருவிழாக் கடைகளில் அவர்கள் வாங்கும் கச்சான் அல்வா, பெயரில் அல்வா என்றாலும் நம் மிட்டாயின் உடன்பிறப்புதான்.

எந்த வகையானாலும் முழுதாக ஆறிய பிறகே டப்பாவில் போடுங்கள். வெல்லம் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் ஒரு மணி நேரம் திறந்து வைத்தாலே பிசுபிசுத்துவிடும். இறுக மூடினால் இரண்டு வாரம் தாங்கும். அடுத்த வீட்டுக் குழந்தைக்குக் கொடுக்கும் முன் கடலை ஒவ்வாமை உண்டா என்று அதன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை கால் கிலோ கடலை வாங்குங்கள். முதல் முறை தட்டில் ஒட்டிக்கொண்டால் எறிந்துவிட வேண்டாம். சட்டியில் திரும்பப் போட்டு, சிறு தீயில் இளக்கி, இன்னும் இரண்டு நிமிடம் கிண்டி, சொட்டைத் தட்டில் போட்டுக் கேட்டுப் பாருங்கள்.