சொரசொரப்பைத் தேய்த்துப் போக்க முடியாது

புண்ணான பிறகே வருகிறார்கள்

மேற்கையிலும் தொடையிலும் பொரிப்பொரியாகச் சொரசொரப்பு என்று கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கமிருந்து என்னிடம் சிகிச்சைக்கு வருகிறவர்களில் பலர், அதைத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டுதான் வருகிறார்கள். மயிர்க்கால் வாயைக் கெரட்டின் என்ற புரதம் அடைத்துக்கொள்வதால் வருவது இது. கெரட்டோசிஸ் பைலாரிஸ் என்போம். பெரும்பாலும் பரம்பரையாக வரும். பதின்ம வயதில் கூடி, பலருக்கு வயது ஏற ஏறத் தணியும். பிறருக்கு ஒட்டாது. பார்த்தாலே தெரிந்துவிடும்; சோதனை அரிதாகவே தேவைப்படும்.

அழுக்கும் அல்ல, சூடும் அல்ல

அழுக்கு என்று நினைத்துப் பீர்க்கங்கூட்டால் தேய்க்கிறார்கள். உடம்புச் சூடு என்று எலுமிச்சையும் உப்பும் பூசுகிறார்கள். தேய்த்த அன்று வழவழப்பாகத்தான் இருக்கும். ஆனால் உராய்ந்த தோல் தன்னைக் காத்துக்கொள்ள இன்னும் தடிக்கும். பொரி இருந்த இடத்தில் கருப்புத் தழும்பு நிற்கும். கரிசல் காட்டு வறண்ட காற்று ஏற்கெனவே தோலின் ஈரத்தை உறிஞ்சுகிறது. காரச் சோப்பும் கொதிக்கக் கொதிக்க வெந்நீரும் மிச்சத்தையும் எடுத்துவிடும்.

"மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த ட்யூப் போட்டதும் குறைந்ததே" என்பார்கள். குறைந்தது சிவப்பு, அடைப்பு அப்படியே இருக்கிறது. அந்த ட்யூப்களில் பல, குளோபீட்டசால் போன்ற வீரியமான ஸ்டீராய்டு கலந்தவை. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், வரிவரியாகக் கோடு விழும், படர்தாமரை இருந்தால் பரவும். மருத்துவர் சீட்டில்லாமல் இவற்றை விற்கக் கூடாதென்று 2018-இல் அரசு விதியை இறுக்கியது இதனால்தான். கேட்டு வாங்குகிறவர் இருக்கும்வரை விதி மட்டும் என்ன செய்யும்?

குழந்தைக்கு வந்தால் தட்டைப் பாருங்கள்

குழந்தைக்கு முழங்கை, முழங்கால், பிட்டத்தில் முள் மாதிரிப் பொரி எழுந்தால் அது வேறு. ஃப்ரைனோடெர்மா என்ற சத்துக்குறைவு நோயாக இருக்கலாம். 1933-இல் இதற்குப் பெயரிட்ட லூசியஸ் நிக்கல்ஸ் வைட்டமின் ஏ குறைவையே காரணமாகக் கருதினார். பி வகை வைட்டமின்கள், அத்தியாவசியக் கொழுப்பு அமிலங்கள் ஆகியவற்றின் குறைவுக்கும் பங்குண்டு என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. இதற்குக் களிம்பு மட்டும் போதாது, சத்துள்ள சாப்பாடும் வேண்டும். முருங்கைக் கீரை, பப்பாளி, முட்டை, நிலக்கடலை, நல்லெண்ணெய் எல்லாம் நம் ஊரிலேயே கிடைப்பவை. கூடவே மாலையில் கண் மங்கினால் மருத்துவரிடம் காட்டுவதை ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம்.

தினமும் பூசுங்கள்

மேற்கை, தொடைச் சொரசொரப்புக்குத் "தேங்காய் எண்ணெய் போதாதா?" என்றால், அது ஈரத்தைக் காக்கும், அடைப்பைக் கரைக்காது. இளஞ்சூட்டு நீரில் சீக்கிரம் குளித்து, துவட்டிய ஈரம் காயுமுன் யூரியாவோ லாக்டிக் அமிலமோ கலந்த க்ரீமை, மருத்துவர் சொன்ன அளவில் பூச வேண்டும். பலன் தெரிய வாரங்கள் ஆகும், நிறுத்தினால் திரும்பும். முழுதாகப் போகாததற்கு ஏன் மருந்து என்று கேட்காதீர்கள். அடங்கியிருந்தால் அரிப்பு குறையும், அரைக்கைச் சட்டை போடப் பிள்ளைகள் கூசமாட்டார்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்: பீர்க்கங்கூட்டைக் கீழே வையுங்கள், பெயர் தெரியாத ட்யூபைக் குப்பையில் போடுங்கள், தோல் கிழியுமுன் வாருங்கள்.