பேரு விவசாயி... வேலை பட்டாளத்துல! - ‘கிருஷக்’ விமானத்தின் கதை

மதுக்கரை தர்மலிங்கேஸ்வரர் மலைக்கோயிலுக்குப் படியேறிப் போயிருக்கீங்களா? கீழே நின்னா எதிர்வீட்டுச் சுவர் வரைக்கும்தான் தெரியும். மேலே ஏறிட்டா சிமென்ட் ஃபேக்டரி, ரயில் பாதை, தோட்டம்னு ஊரே தெரியும். இப்படி மேலே இருந்து பார்க்க வசதியா இருந்த ஒரே காரணத்தால் பிழைத்துக்கொண்ட ஒரு விமானம் நம் நாட்டில் இருந்தது. பெயர், கிருஷக். அப்படின்னா விவசாயி!

நாலு சீட் கனவு

பெங்களூரு ஹெச்.ஏ.எல். நிறுவனம் 1958 செப்டம்பரில் ‘புஷ்பக்’ என்ற குட்டி விமானத்தைப் பறக்கவிட்டது. ரெண்டே சீட், 90 குதிரைத்திறன் எஞ்சின். ஃபிளையிங் கிளப்புகளில் விமானம் ஓட்டப் பழகுபவர்களுக்கானது. இந்தியாவிலேயே வடிவமைத்த ஹெச்.டி-2 பயிற்சி விமானத்தை 1951-ல் கொடுத்த வி.எம்.காட்கேதான் வடிவமைப்புக்குத் தலைமை.

‘இதையே கொஞ்சம் பெரிசாக்கி, நாலு பேர் உட்கார்ற மாதிரி பண்ணா என்ன?’ அதுதான் கிருஷக். முதல் மாதிரி 1959 நவம்பரிலும், ரெண்டாவது 1960 நவம்பரிலும் பறந்தன. நல்லாத்தான் பறந்தது. ஆனா, வாங்கத்தான் ஆள் இல்லை. திட்டத்தை ஓரங்கட்டிவிட்டார்கள்.

மலைக்கு அந்தப் பக்கம் என்ன?

கிருஷக்கைக் காப்பாற்றியது ராணுவம். மதுக்கரையில் இருக்கும் ராணுவத் துப்பாக்கி சுடும் திடலில், சுடுபவருக்கு இலக்கு கண்ணுக்கு நேராகத் தெரியும். பீரங்கி அப்படியில்லை. குண்டு பத்து கிலோமீட்டர் தாண்டி, மலைக்கு அந்தப் பக்கம் போய் விழும். எங்கே விழுந்ததுன்னு பீரங்கிக்காரருக்குத் தெரியாது. மேலே பறக்கிற ஒருத்தர்தான் ‘இன்னும் கொஞ்சம் இடதுபக்கம்’ என்று ரேடியோவில் சொல்ல வேண்டும். அந்த வேலையைச் செய்துகொண்டிருந்த பிரிட்டிஷ் ‘ஆஸ்டர்’ விமானங்களுக்கு வயதாகிவிட்டதால், மாற்று தேவைப்பட்டது.

கிளப்புக்காகப் போட்ட டிசைன், இந்த வேலைக்கு அப்படியே பொருந்தியது. இறக்கை விமானிக்குத் தலைக்கு மேலே இருப்பதால், ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தா தரை மறைக்காமல் தெரியும். சின்னச் சக்கரம் வாலுக்கு அடியில் இருப்பதால் மூக்கு உயர்ந்து நிற்கும். மேடுபள்ளமான இடத்தில் இறங்கினாலும் புரொப்பல்லர் தரையில் இடிக்காது. வேகம் அதிகபட்சம் மணிக்கு 210 கிலோமீட்டர் அளவுதான். போர் விமானத்துக்கு அது குறை. நின்று நிதானமாகப் பார்க்க வேண்டியவருக்கு அதுவே வரம்!

ராணுவத்துக்காக எஞ்சினை 225 குதிரைத்திறனாக ஏற்றினார்கள். முன்னால் ரெண்டு பேர். பின்னால் நாலா பக்கமும் திரும்பிப் பார்க்கச் சுழலும் ஒரு சீட். நாலாவது சீட் காணாமல் போனது. 1960-களின் நடுவிலிருந்து சுமார் 70 விமானங்கள் தயாராகின.

லோங்கேவாலா காலை

1971 டிசம்பர் 5. ராஜஸ்தான் பாலைவனத்தில் லோங்கேவாலா எல்லைக் காவல் நிலையைப் பாகிஸ்தான் டாங்கிகள் சூழ்ந்து நின்றன. விடிந்ததும் நம் ஹன்டர் போர் விமானங்கள் பாய்ந்து வந்தன. டாங்கிகள் எங்கே நிற்கின்றன என்று அவற்றுக்கு வழிகாட்டியவர் மேஜர் ஆத்மா சிங். அவர் பறந்தது ஒரு கிருஷக்கில்! ‘பார்டர்’ படம் பார்த்தவர்களுக்கு லோங்கேவாலா தெரியும். இந்தக் குட்டி விமானத்தை எத்தனை பேருக்குத் தெரியும்?

1970-களின் நடுவில் ‘சீட்டா’ ஹெலிகாப்டர்கள் வந்தன. அவற்றுக்கு ஓடுதளமே வேண்டாம். கிருஷக் ஓய்வு பெற்றது. இதில் ஒரு வேடிக்கை... வயலுக்கு மருந்து தெளிக்கவென்றே ஹெச்.ஏ.எல். 1972-ல் பறக்கவிட்ட விமானத்தின் பெயர் ‘பசந்த்’, அதாவது வசந்தம். விவசாயின்னு பேர் வச்சது போருக்குப் போச்சு; வயலுக்குப் போனதுக்கு வேற பேரு!

கிருஷக் மாதிரியே மேல் இறக்கையும் நாலு சீட்டும் கொண்ட அமெரிக்காவின் செஸ்னா 172, 1956-ல் விற்பனைக்கு வந்தது. இதுவரை 44,000-க்கும் மேல் தயாராகிவிட்டது. இன்றைக்கும் நம் பிள்ளைகள் பைலட் ஆகணும்னு பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தால், பல இடங்களில் ஏறி உட்காருவது அந்த செஸ்னாவில்தான். அறுபது வருஷத்துக்கு முன்னால் பக்கத்து பெங்களூரிலேயே அப்படி ஒன்று பறந்தது. அன்று நாலு ஃபிளையிங் கிளப்புகள் ஆர்டர் கொடுத்திருந்தால், அந்த நாலாவது சீட்டும் மிஞ்சியிருக்கலாம்.