பிந்தி வந்தவனுக்கும் கதவு திறக்கட்டும்!

"இயற்பியல் பட்டம் வாங்கிவிட்டுப் பொறியியலுக்குப் போகிறானாம்! முதலிலேயே போயிருக்கக் கூடாதா? மூன்றாண்டு வீண்தானே?" - ஊரார் கேட்கிறார்கள். கேட்கட்டும். நாம் திருப்பிக் கேட்கிறோம்: பதினேழு வயதில் அவனுக்கு வழி சொல்ல அந்தத் தெருவில் யார் இருந்தார்கள்? பொறியாளர் ஒருவரையேனும் கண்ட வீடா அது? பக்கத்து ஊரில் அரசுக் கல்லூரி, கட்டணம் குறைவு, இயற்பியலில் இடம் கிடைத்தது, சேர்ந்தான். வசதியுள்ள வீட்டுக்குச் செய்தி முந்தி வருகிறது, ஏழை வீட்டுக்கு மூன்றாண்டு பிந்தி வருகிறது. அதற்குப் பிள்ளையைத் தண்டிப்பதா?

வீண் என்போர் குரோம்பேட்டையை எண்ணிப் பார்க்கட்டும். 1949-இல் சி. ராஜம் அங்கே நிறுவிய சென்னைத் தொழில்நுட்ப நிறுவனம், அறிவியல் பட்டதாரிகளையே அழைத்து, மூன்றாண்டில் விமானம், மோட்டார், மின்னணு, கருவியியல் என்று அன்று அரிதாயிருந்த துறைகளைக் கற்பித்தது. திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1954-இல் இயற்பியல் முடித்த இராமேசுவரத்துப் பிள்ளை ஒருவர், தமக்கேற்றது பொறியியலே என்று அப்போதுதான் உணர்ந்தார். சேர ஆயிரம் ரூபாய் அளவில் வேண்டும். படகோட்டி வீட்டில் ஏது அவ்வளவு? தமக்கை ஜொஹரா தம் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். 1980-இல் ரோகிணியை விண்ணில் ஏற்றிய எஸ்.எல்.வி.-3 திட்டத்தின் இயக்குநர் அப்துல் கலாம்தான் அந்தப் பிள்ளை! அதே கல்லூரியில் இயற்பியல் படித்து, அதே குரோம்பேட்டையில் மின்னணுவியல் கற்றவர்தான் எழுத்தாளர் சுஜாதா. வாக்குப்பதிவு எந்திரம் உருவான பணியில் அவர் கை உண்டு. எங்கே போயிற்று இவர்களின் மூன்றாண்டு?

அந்தத் தலைவாசல் பின்னாளில், பள்ளி முடித்தோர் சேரும் நான்காண்டுப் படிப்பாக மாறிவிட்டது. இன்றிருப்பது பக்கவாசல். பி.எஸ்சி. முடித்தவர் பொறியியலில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். முதலாண்டில் நடத்துகிற இயற்பியலும் கணிதமும் பெரும்பாலும் அவர் கற்றவையே. கல்லாதவை பொறியியல் வரைபடமும் பொறியியல் விசையியலும். அவ்விரண்டையும் இரண்டாம் ஆண்டுப் பாடங்களோடு சேர்த்து எழுதித் தேறவேண்டும். சுமைதான், ஆனால் நியாயமான சுமை.

நியாயமற்றது வேறொன்று. பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படித்திருக்கவேண்டும் என்கிறது அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுவின் விதி. பள்ளியில் கணிதமில்லாப் பிரிவில் இருந்த ஒருவன், கல்லூரியில் துணைப்பாடமாக நுண்கணிதமும் வகைக்கெழுச் சமன்பாடும் கற்றுத் தேறியிருந்தாலும் போதாதாம்! பதினைந்து வயதில் எடுத்த பிரிவு பெரிது, இருபது வயதில் பெற்ற தேர்ச்சி சிறிது! என்ன கணக்கு ஐயா இது?

அந்த வரியைத் திருத்தச் சொல்கிறோம். இன்னொன்றும் கேட்கிறோம்: பக்கவாசல் இருப்பதையே அறியாமல் பட்டத்தோடு வீடு திரும்பும் பிள்ளைகள் பலர். இயற்பியல் துறை ஒவ்வொன்றிலும், இறுதியாண்டு வகுப்பின் வாயிலில், சேர்க்கை விதியைத் தமிழில் எழுதி ஒட்டுங்கள். ஒரு தாளும் கொஞ்சம் பசையும்தானே செலவு!