சார்ஜைக் குடிப்பது யார்? கையில் கட்டிய வாட்ச் பற்றித் தெரியுமா?

கோட்டையூரில் 1909-ல் பிறந்த வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அள்ளிக் கொடுத்ததால்தான் காரைக்குடிக்கு ‘சிக்ரி’ வந்தது! நேரு 1948-ல் அடிக்கல் நாட்டிய அந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் லித்தியம் அயன் பேட்டரி ஆராய்ச்சி நடக்கிறது. உங்கள் ஸ்மார்ட் வாட்சுக்குள் இருப்பதும் அதே இனத்து பேட்டரிதான்! அதன் சார்ஜ் எங்கே போகிறது, தெரியுமா?

● புளூடூத்தை அணைத்தால் சார்ஜ் மிச்சமாகும் என்றுதானே நினைக்கிறீர்கள்? நேர்மாறு! ஐபோனில் புளூடூத்தை அணைத்தால் ஆப்பிள் வாட்சின் சார்ஜ் இன்னும் வேகமாக இறங்கும் என்று ஆப்பிள் நிறுவனமே எச்சரிக்கிறது. சிக்கனமான வழி அடைபட்டால், வாட்ச் செலவு கூடிய வைஃபையையும் செல்போன் சிக்னலையும் தேடி அலையுமே!

● எவ்வளவு வித்தியாசம்? சாதாரணமாக 10 மீட்டர் எட்டும் புளூடூத்துக்கு 2.5 மில்லிவாட் போதும். 4ஜி சிக்னலோ, டவர் தொலைவில் இருந்தால் 200 மில்லிவாட் வரை உமிழும். அம்மாடி, 80 மடங்கு!

● 2017-ல் வந்த ஆப்பிள் வாட்ச் சீரிஸ் 3-ஐயே பாருங்கள். ஐபோன் வழியாகப் பேசினால் 3 மணி நேரம், 4ஜி-யில் நேரடியாகப் பேசினால் ஒரே மணி நேரம்!

● ஜிபிஎஸ் எதையும் அனுப்புவதில்லை, 20,200 கிலோமீட்டர் உயரத்துச் செயற்கைக்கோள்கள் சொல்வதைக் கேட்கிறது, அவ்வளவுதான். அந்த மெல்லிய குரலைப் பிடித்துக் கணக்குப் போடவே சார்ஜ் நிறையச் செலவாகிறது! அதே சீரிஸ் 3-ல் 10 மணி நேரம் தாங்கும் உடற்பயிற்சிப் பதிவு, ஜிபிஎஸ் ஓடினால் 5 மணி நேரம்தான்.

● ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் செட்டிநாட்டு வீட்டில் போன் முகப்பில் கிடக்க, நீங்கள் பின்கட்டு அடுப்படியில் இருந்தால்? இடையில் எத்தனை கனத்த சுவர்! புளூடூத் அறுந்துவிடும், வாட்ச் வேறு வழி தேடத் தொடங்கிவிடும்.

ஆகவே வாசகர்களே, புளூடூத் இருக்கட்டும். போனைப் பக்கத்திலேயே வையுங்கள். வாட்சில் சிம் வசதி இருந்தால், போன் இல்லாமல் வெளியே போகும்போது மட்டும் அந்த வசதியை இயக்குங்கள். நடைப்பயிற்சி முடிந்ததும் பதிவை நிறுத்துங்கள், ஜிபிஎஸ்ஸும் ஓய்வெடுக்கும்!