தேடுவதா, புரட்டுவதா? வினவல் திட்டத்தைப் படிப்போம்

தேர்வு வாரத்தில் மதிப்பெண் அறிக்கை எடுக்கும்போது கணினி சுத்திக்கிட்டே இருந்தா, உடனே "புது சர்வர் வாங்கணும்" என்பார்கள். காசைச் செலவழிக்கும் முன், வினவல் எப்படி ஓடுகிறது என்று பாருங்க.

எஸ்.கியூ.எல் சர்வர் மேனேஜ்மென்ட் ஸ்டூடியோவில் கண்ட்ரோல், எம் விசைகளைச் சேர்த்து அழுத்திவிட்டு வினவலை இயக்குங்கள். செயலாக்கத் திட்டம் படமாக வரும். தரவு வலமிருந்து இடமாகப் போகும். அம்பு தடிமனாக இருந்தால் பதிவுகள் அதிகம் என்று பொருள்.

சீக், ஸ்கேன்

திருக்குறள் நூலின் பின்பக்கத்தில் முதற்குறிப்பு அகராதி இருக்கும். ‘கற்க’ என்று தொடங்கும் குறள் வேண்டுமா? நேரே ‘க’ வரிசைக்குப் போகலாம். இதுதான் இன்டெக்ஸ் சீக். ‘உலகு’ என்று முடியும் குறள்கள் வேண்டுமா? அகர வரிசை உதவாது. 1330 குறளையும் பார்த்தாகணும். இதுதான் ஸ்கேன்.

நம் மலேசியப் பள்ளிகளில் பெயர் ‘கவின் ஏ/எல் முருகன்’ என்று பதிவாகும். உடன்பிறந்தவர்களைக் கண்டுபிடிக்க ‘%முருகன்’ என்று தேடினால் ஸ்கேன்தான் வரும். தந்தை பெயரைத் தனிப் பத்தியில் வைத்து, அதற்கு ஓர் இன்டெக்ஸ் போட்டால் சீக் ஆகிவிடும்.

தேதியிலும் இதே சிக்கல் உண்டு. பதிவுத் தேதியிலிருந்து ஆண்டைப் பிரித்தெடுத்து ‘2024’ உடன் ஒப்பிட்டால், இன்டெக்ஸ் இருந்தும் ஸ்கேன் வரும். 1.1.2024 முதல் 1.1.2025-க்கு முன் வரை என்று எல்லை கொடுத்தால் சீக் செய்ய முடியும்.

ஸ்கேன் எப்போதும் தப்பா?

இல்லீங்க. அகராதி குறள் எண்ணை மட்டும்தான் தரும். முழுக் குறளுக்குப் பக்கம் புரட்டணும். திட்டத்தில் இதன் பெயர் கீ லுக்கப். ஐந்து குறளுக்குப் புரட்டலாம். ஐந்நூறு வேண்டுமென்றால், நூலை முதலிலிருந்து படிப்பதே சுலபம். சர்வரும் அப்படித்தான் கணக்குப் போடுகிறது. சிறிய அட்டவணைக்கும் ஸ்கேனே போதும்.

அந்தக் கணக்கு சரியா என்று பார்க்க, மதிப்பிட்ட பதிவு எண்ணிக்கையையும் உண்மையான எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள். இரண்டும் வெகுவாக விலகினால், புள்ளிவிவரம் பழசாகியிருக்கலாம்; அதைப் புதுப்பித்துவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

மாணவர்களுக்குச் சொல்லித்தர கணினி கூடத் தேவையில்லை. ஒரு குழு முதல் சொல்லை வைத்தும், மறு குழு கடைசிச் சொல்லை வைத்தும் குறளைத் தேடட்டும். வேறுபாடு அவங்களுக்கே புரிஞ்சிடும்.