உங்களுக்குத் தெரியுமா? அலையோடு அசைந்த மாதிரித் துறைமுகம்

1944 ஜூன் 6 அன்று நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்கின. அந்தத் தரையிறக்கத்தைச் சிறு மாதிரிகளாகக் காட்டும் அருங்காட்சியகத்தை, அதே கரையிலுள்ள அரோமான்ஷ் ஊரில் 1954-இல் பிரெஞ்சு அதிபர் ரெனே கோட்டி திறந்துவைத்தார்.

அங்கே கண்ணைக் கவர்வது, தரையிறங்கிய படைகளுக்காகப் பிரிட்டனில் பகுதி பகுதியாகச் செய்து கடல்வழியே அரோமான்ஷுக்கு இழுத்துவரப்பட்ட செயற்கைத் துறைமுகத்தின் மாதிரிதான். ஓதத்தில் கடல்மட்டம் 6 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும் கரை அது. மிதவைகள்மேல் அமைத்த சாலை அலைக்கு எப்படி வளைந்துகொடுத்தது என்பதை மாதிரியை அசைத்தே காட்டினார்கள். பக்கம் பக்கமாக எழுதினாலும் இந்தத் தெளிவு வராது!

நார்மண்டியின் ஒமாஹா கரையில் அமெரிக்கர்கள் அமைத்த இதுபோன்ற இன்னொரு துறைமுகம் ஜூன் 19-இல் தொடங்கிய புயலில் சிதைந்தது. அரோமான்ஷ் துறைமுகம் தாக்குப்பிடித்தது. அதன் கான்கிரீட் பெட்டகங்கள் சில இன்றும் அருங்காட்சியகத்துக்கு எதிரே கடலில் நிற்கின்றன.