பிள்ளைகளே போடும் கடிவாளம்

'எப்பப் பார்த்தாலும் போன்தானா?' என்ற அதட்டல் கேட்காத வீடு இன்று அபூர்வம். அதே கேள்வியை வளரிளம் பருவத்தினர் தங்களுக்குள்ளும் கேட்டுக்கொள்கிறார்கள். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2023இல் 13 முதல் 17 வயது வரையிலான 1,453 பேரிடமும் அவர்களின் பெற்றோரிடமும் கருத்துக் கேட்டது. ஸ்மார்ட்போனில் அதிக நேரம் போகிறது என்று பிள்ளைகளில் 38% பேர் ஒப்புக்கொண்டனர். போன் பார்க்கும் நேரத்தைக் குறைத்துக்கொண்டதாக 36% பேரும், சமூக ஊடக நேரத்தைக் குறைத்ததாக 39% பேரும் சொன்னார்கள்.

நேரத்தைக் குறைப்பது ஏன் இவ்வளவு சிரமம்?

புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம் உண்டு, ரீல்ஸுக்குக் கிடையாது. ஒன்று முடிந்ததும் அடுத்தது வந்து நிற்கும். போனை மூடி வைத்தாலும் நோட்டிஃபிகேஷன் கூப்பிடும். காமன் சென்ஸ் மீடியா அமைப்பு 2023இல் சுமார் 200 பேரின் போன்களை ஆராய்ந்தபோது, பாதிப் பேருக்கு நாளொன்றுக்கு 237 அல்லது அதற்கு மேற்பட்ட நோட்டிஃபிகேஷன்கள் வந்திருந்தன.

எது கைகொடுக்கிறது?

ஐபோனில் 'ஸ்கிரீன் டைம்', ஆண்ட்ராய்டில் 'டிஜிட்டல் வெல்பீயிங்' என நேரக் கட்டுப்பாட்டு வசதிகள் 2018இலேயே வந்துவிட்டன. ஆனால், ஐபோனில் நாமே வைத்த வரம்பை 'இன்னும் 15 நிமிடம்' என்று தள்ளிப்போட இரண்டு தட்டு போதும். பூட்டியவர் கையிலேயே சாவியும் இருக்கிறது. அதனால் சிலர் போனை எடுப்பதையே கொஞ்சம் தொந்தரவான வேலையாக மாற்றிவிடுகிறார்கள்: நோட்டிஃபிகேஷனை அணைப்பது, திரையைக் கறுப்பு வெள்ளையாக்குவது, செயலியை நீக்கிவிட்டுத் தேவைப்பட்டால் பிரவுசரில் மட்டும் பார்ப்பது, படிக்கும்போது போனை அடுத்த அறையில் வைப்பது. நியூயார்க்கின் புரூக்ளினில் பள்ளி மாணவர்கள் சிலர் 'லுடைட் கிளப்' தொடங்கி, ஞாயிறுதோறும் பூங்காவில் கூடிப் புத்தகம் படித்தார்கள், படம் வரைந்தார்கள். அவர்களில் சிலர் பழைய மடக்கு போனுக்கே திரும்பினார்கள்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

பியூ ஆய்வில், தாங்கள் பேச வரும்போது அப்பாவோ அம்மாவோ போனில் கவனம் சிதறி இருப்பது உண்டு என்று 46% பிள்ளைகள் சொன்னார்கள். அதை ஒப்புக்கொண்ட பெற்றோர் 31% மட்டுமே. இரவில் எல்லோருடைய போனையும் ஹாலிலேயே சார்ஜில் போடுவது என்று முடிவெடுத்தால், முதலில் அங்கே போக வேண்டியது பெரியவர்களின் போன்.